பத்தொன்பது முளைகள்

வால்வுக்காரர் மாலை ஆறு மணி ஜெபத்தில் பெயர் சொல்லாமல் விட்டவர்கள் மறுநாள் காலையில் வீட்டில் இருக்க மாட்டார்கள். போர்வை போர்த்தியபடியே கிடக்கும், தலையணையில் தலை அழுந்திய பள்ளம் இருக்கும், ஆள் மட்டும் இருக்காது. அவர் மறுபடி கூப்பிட்டால் அதற்கடுத்த காலையில் வாசலில் வந்து நிற்பார்கள். உடுப்பின் கீழ்விளிம்பெல்லாம் புல்விதை ஒட்டியிருக்கும். தொண்ணூறு வருட வாழ்க்கையில் இப்படி நடந்தது ஏழு முறைதான். ஏழு சின்ன எண்தான், ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் மாலை ஐந்தே முக்காலுக்கு மேல் சத்தமாகச் சிரித்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் முழுதாகப் புரியும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் பிறந்தது ஒரு பண்ணையில். அங்கே மாட்டுக் கொட்டகையில் இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் பத்து என்று பத்தொன்பது முளைகள் அடித்திருந்தன. மேய்ச்சல் முடிந்து இருட்டுவதற்குள் மாடுகள் திரும்பும். யாரும் இழுத்துப்போய்க் கட்ட வேண்டியதில்லை, ஒவ்வொன்றும் தன் முளையைத் தேடிப் போய் நின்றுகொள்ளும். ஒன்பது வயதில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, வாசலில் நின்று முளை வரிசைப்படி பெயர்களைக் கூப்பிடுவது. பத்தொன்பது பெயர்களை மனப்பாடம் செய்வது கடினம் என்று நமக்குத் தோன்றும். அவருக்கு அது கடினமாக இல்லை. பெயரை ஞாபகம் வைப்பதுதான் கஷ்டம், இடத்தை ஞாபகம் வைப்பது சுலபம். முளையைப் பார்த்தால் போதும், அதில் நிற்கும் மாடு தன் பெயரைத் தானே சொல்லிவிடும். இருபது வயதில் ஒரு நாள், செவலை என்ற இளங்கிடேரி அவரை முழங்காலில் உதைத்தது. அன்று மாலை கோபத்தில் அதன் பெயரை மட்டும் விட்டுவிட்டார். காலையில் செவலையின் கயிறு முளையில் இருந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த வளையம் அவிழாமல், அறுபடாமல், வெறுமையாகத் தரையில் கிடந்தது. திருடன் முடிச்சை அவிழ்த்திருப்பான், நரி கயிற்றை அறுத்திருக்கும். இரண்டும் இல்லை. இரண்டு நாள் பயத்தில் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் மாலை யாருக்கும் தெரியாமல் அதன் பெயரைச் சொன்னார். விடிந்ததும் செவலை தன் முளையில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அவருக்கு இருபத்திரண்டு வயதானபோது இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்து, அப்பா நிலத்தையும் மாடுகளையும் விற்றார். விற்ற அன்று மாலை அவர் கூப்பிடவில்லை. அடுத்தவர் மாட்டை எந்த உரிமையில் கூப்பிடுவது? மறுநாள் மாட்டு வியாபாரி பத்தொன்பது வெறும் கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று கத்தினான். "யோவ், நீ மாட்ட வித்தியா, கயித்த வித்தியா?" அப்பா குடியிருந்த வீட்டையும் எழுதிக் கொடுத்து அவன் வாயை அடைத்தார். மகனுக்கு மட்டும் விஷயம் தெரியும். கூப்பிட்டால் மாடுகள் வந்துவிடும். ஆனால் அவை வியாபாரியிடம் போகாது, கூப்பிட்டவனிடம்தான் வரும், அப்பா ஊரறியத் திருடனாகிவிடுவார். அதனால் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அறுபத்து நான்கு வருடம் அந்தப் பெயர்களை அவர் சொல்லவில்லை.

நகரத்துக்கு வந்து குடிநீர் வாரியத்தில் வால்வு திறக்கும் வேலையில் சேர்ந்தார். பட்டப்பெயர் அதிலிருந்து வந்தது. தெருவுக்குத் தெரு நிலத்துக்குள் சின்ன இரும்புமூடி இருக்கும். மூடியைத் தூக்கினால் உள்ளே வால்வின் தண்டு நாலு மூலைத் தலையோடு தெரியும். இடுப்பு உயரமுள்ள இரும்புச் சாவியை அதன்மேல் மாட்டி இடப்பக்கமாகப் பதினோரு சுற்று சுற்றினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும், வலப்பக்கமாகப் பதினொன்று சுற்றினால் நிற்கும். அவசரமாக மூடக்கூடாது. ஓடிவரும் தண்ணீர் திடீரென்று நிறுத்தப்பட்டால் சுத்தியலால் அடித்ததுபோல் குழாயை அடிக்கும், மூட்டு பிளந்துவிடும். முப்பத்தைந்து வருடம் அவர் ஒரு தெருவையும் மறந்ததில்லை, ஒரு மூட்டையும் பிளக்க விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் சுவரோரமாக உட்காருவார். பாட்டுக் குரல் கட்டை. பக்கத்தில் நிற்பவர்கள் அரைவரி முன்னாலோ பின்னாலோ பாடித் தப்பித்துக்கொள்வார்கள்.

அந்தப் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்த தையல்காரியைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். தேதி குறிப்பதற்கு முன்பே அவளைத் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியருகே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். ஒருமுறை தன் வாயால் கூப்பிடப்பட்டவர்தான் விட்டுப்போனால் காணாமல் போவார், கூப்பிடவே ஆரம்பிக்காவிட்டால் ஆபத்தில்லை என்பதையும் சொன்னார். கேட்டுவிட்டு அவள், "மாட்டுக்குப் பதிலா என்னக் கட்டப் பாக்குறீங்களா?" என்றாள். பிறகு, "கூப்பிட்ட மாட்டுக்கு வேற என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்து, கூப்பிட்ட மாடு எதற்கும் நோய் வந்ததில்லை, எதுவும் பள்ளத்தில் விழுந்ததில்லை, கன்று எதுவும் செத்துப் பிறந்ததில்லை என்றார். "அப்போ என்னையும் சேத்துக்கோங்க" என்றாள் அவள். அவர் ஒரு மாதம் மறுத்துப் பார்த்தார். கல்யாணமான அன்று மாலை ஆறு மணிக்கு, கண்ணை மூடி அந்தப் பழைய கொட்டகைக்குள் போய், இடவரிசை முதல் முளையில் அவளை நிறுத்தி, ஆண்டவரே என்று தொடங்கிப் பெயரைச் சொன்னார். மாடுகளுக்கு வாசலில் நின்று கூப்பிட்டது குடும்பத்துக்கு ஜெபமாக மாறியது இப்படித்தான்.

இரண்டாம் வருடம் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்து இரண்டு மாலைகள் நினைவில்லாமல் கிடந்தார். தையல்காரி இரண்டு நாள் இல்லை. திரும்பி வந்தவள் வாசற்படியில் உட்கார்ந்து பாவாடை விளிம்பிலிருந்து புல்விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பசித்ததா என்று கேட்டார். "பசிக்கல. பயமா இருந்துச்சு. எல்லாரும் ஒரே பக்கமாப் பாத்துட்டு நின்னோம், யாராவது கூப்பிடுவாங்கன்னு." எல்லாரும் என்றால் யார் என்றார். "மாடுங்கதான். வேற யாரு?" அன்றிலிருந்து சாகும்வரை, கூப்பிடும் குரல் காற்றோடுதான் வரும் என்று, அவள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றதில்லை. அவர் போதகரிடம் போய் இது ஆண்டவருடைய வேலையா, வேறு யாருடையதா என்று கேட்டார். போதகர் மேசைமேல் இருந்த புத்தகங்களை இரண்டு முறை அடுக்கி வைத்தார். "எனக்குத் தெரியலைங்க. ஆனா தினமும் ஆறு மணிக்கு ஜெபம் பண்ணுங்கன்னு சொல்றதுல எனக்கு ஒரு தயக்கமும் இல்ல" என்றார்.

குழந்தைகள் பிறந்தார்கள், முளைகள் நிரம்பின. மூத்தவன் லாரி ஓட்டினான். ஒருமுறை மலைப்பாதையில் லாரி மூன்று சுற்று உருண்டு கீழே போனது. அவன் சட்டையில் ஒட்டிய கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு மேலே ஏறி வந்து தேநீர் கேட்டான். இரண்டாமவன் கண்ணாடி வெட்டும் கடை வைத்தான். அப்பாவோடு ஏதோ பேச்சில் முறைத்துக்கொண்டு பதினோரு வருடம் வீட்டுப்பக்கம் வரவில்லை. அந்தப் பதினோரு வருடமும் வலவரிசை மூன்றாம் முளைக்கு வந்ததும் அப்பாவின் குரல் கடுக்கும், "அந்தத் திமிர் பிடிச்சவனையும்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு அடுத்த முளைக்குப் போவார். ஒருநாள்கூட விட்டதில்லை. இதைக் கேள்விப்பட்ட அன்றுதான் அவன் திரும்பி வந்தான், வெறுங்கையோடு வராமல் ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி கொண்டுவந்தான். அவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிய அன்று நாக்கு மரத்துப்போய், ஆறு மணிக்கு மொத்தக் குடும்பமும் அவர் வாயைச் சுற்றி நின்றது. "என் பேரு சரியா விழுந்துச்சா?" என்று ஒவ்வொருவரும் ஒவ்வொருவரையும் கேட்டார்கள். மூத்த மருமகள் மட்டும், "எனக்கு எப்பவும் இப்படித்தான் விழும்" என்றாள். மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்களைக் கட்டியவர்கள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் இருவர் என்று வந்து, அவருக்கு எண்பத்து மூன்று வயதானபோது பத்தொன்பது முளைகளும் நிறைந்துவிட்டன. அதற்கு ஐந்து வருடம் முன்பே தையல்காரி இறந்துபோயிருந்தாள். அவர் முதல் முளையை அவளுக்கே விட்டுவைத்து, விடாமல் அவளையும் கூப்பிட்டார். அவள் வரவில்லை. அவர் ஆச்சரியப்படவும் இல்லை. "அது வேற லைன்" என்றார், "அதுக்கு வால்வு நம்மகிட்ட இல்ல."

தப்பு நடந்தது அவருடைய எண்பத்து நாலாம் வயதில். கடைக்குட்டி மகள், வாயாடி என்று அவர் கூப்பிடுபவள், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். புருஷன் மருந்துக்கடை வைத்திருந்தான். நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு பெண் பிறந்தது. குழந்தை இருபதாவது ஆள். கொட்டகையில் முளை இல்லை. கிழவர் இதை நன்றாக யோசித்துத்தான் குழந்தையைக் கூப்பிட ஆரம்பிக்காமல் இருந்தார். ஆரம்பிக்காவிட்டால் ஆபத்தில்லை, தான் இனி எத்தனை நாள். ஆனால் தினமும் ஆறு மணிக்குப் பத்தொன்பது பெயர்களைக் கேட்டுவிட்டு ஆமென் வருவதைக் கேட்கும் தாய்க்கு அந்தக் கணக்கு எப்படிப் புரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வெடித்தாள். "எல்லாரும் உருண்டு விழுந்தாலும் எந்திரிச்சு வராங்க. என் பிள்ள மட்டும் என்னப்பா பாவம் பண்ணுச்சு? லாரியில உருளுறவனுக்கு இடம் இருக்கு, தொட்டில்ல கிடக்கிறதுக்கு இல்லையா?" அவர் முளைகளைப் பற்றி விளக்கினார். ஒரு முளையில் இரண்டைக் கட்டினால் கயிறு சிக்கும் என்றார். அவள் அழுதாள். அவருக்கு மகள் அழுதால் தாங்காது. அன்று மாலை ஜெபத்தின் கடைசியில், கொட்டகையின் வாசற்படியில், முளையில்லாமல், கயிறில்லாமல் குழந்தையை நிறுத்தி அதன் பெயரைச் சொன்னார். அவளுடைய அண்ணன்மாரும் அண்ணிமாரும் கைதட்டினார்கள். அவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு அவர்கள் எல்லாரும் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.

எண்பத்தாறில் ஞாபகம் குறைய ஆரம்பித்தது. இது எப்படிக் குறையும் என்பதை அவரே முன்பு மகளுக்கு வேறு விஷயமாகச் சொல்லியிருந்தார். குழாயில் அழுத்தம் குறைந்தால் எல்லா வீட்டிலும் ஒரேயடியாகத் தண்ணீர் நிற்காது. முதலில் வற்றுவது தெருக்கோடி வீடு. பிறகு அதற்கு முந்தையது. தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கடைசிவரை வந்துகொண்டே இருக்கும். அவர் பண்ணையை மறக்கவில்லை, தையல்காரியை மறக்கவில்லை. நேற்று வந்தவர்களைத்தான் மறந்தார். மகள் தன் குழந்தை தெருக்கோடி வீடு என்பதைப் புரிந்துகொண்ட அன்று மருத்துவமனையில் ஒரே நோயாளியின் நெஞ்சை மூன்று முறை படமெடுத்தாள்.

மூத்தவன் ஒரு அட்டையில் இருபது பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதி நாற்காலிக்கு எதிரே மாட்டினான். கிழவர் அதை மளிகைச் சீட்டுப்போல் படித்தார். மறுநாள் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் இருவரும் இல்லை, வாயாடியின் குழந்தை அந்த நேரம் அவர் மடியிலேயே இருந்ததால் தப்பியது. சாவி தண்டின் தலையைப் பிடிக்காமல் சுற்றினால் கை சுற்றும், சாவி சுற்றும், வால்வு திறக்காது. வாய் பெயரைச் சொன்னால் போதாது, உள்ளே ஆள் தெரிய வேண்டும். அன்று பகல் முழுக்க வீட்டார் அந்த இருவரின் சேட்டைகளைச் சொல்லச் சொல்ல, அவருக்கு அவர்கள் கண்ணில் தெரிந்தபின் கூப்பிட்டார், திரும்பி வந்தார்கள். அட்டையைக் கழற்றினார்கள். அதற்குப் பதிலாக ஒரு புது வழக்கம் வந்தது. தினமும் நாலு மணிக்குக் குடும்பம் அவர் நாற்காலி முன் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகத் தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள். அறுபது வயது மகன் குனிந்து, "நான் லாரி ஓட்டுறேங்கப்பா, உங்க மூத்த பையன்" என்பான். "அப்படியா, சந்தோஷம், ஒழுங்கா ஓட்டு" என்பார் அவர். எல்லாரும் இரண்டு மணி நேரத்துக்குள் அவருக்குத் தங்களைப் பிடிக்கவைத்தாக வேண்டும். எக்ஸ்ரேக்காரி குழந்தையை மடியில் வைத்துக் கடைசியாக உட்காருவாள். குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுக்கும். அவர் சிரித்தால் அவளுக்கு மூச்சு வரும்.

குழந்தைக்கு இரண்டு வயதும் நாலு மாதமும் ஆனபோது, ஒரு வியாழக்கிழமை, குழந்தை சளி பிடித்துச் சிணுங்கிக்கொண்டிருந்தது, மூக்கைப் பிடிக்கவில்லை. ஆறு மணிக்கு அவர் பத்தொன்பதையும் சொன்னார். வாசற்படிக்கு வந்தார். நின்றார். முகம் மலர்ந்தது. "செவலை" என்றார். ஆமென் என்றார்.

காலையில் தொட்டிலில் போர்வை மேடாக இருந்தது, தொட்டதும் அமுங்கியது. வாசலில் ஒரு செவலைக் கிடேரி கழுத்தில் கயிறில்லாமல் நின்றது. வயது மூன்றுக்கு மேல் சொல்ல முடியாது. அறுபத்து நான்கு வருடம் அது அங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறது, அங்கே யாருக்கும் வயதாவதில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. நகராட்சி ஆள் ஒருவர் வந்து தெருவில் மாடு கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை, முந்தின மாலை அதேபோல் பெயர் மாறியதில், பண்ணை மாடுகள் காரியும் மயிலையும் வந்தன, கொள்ளுப்பேரப்பிள்ளைகள் இருவரும் போனார்கள். மயிலை கறவையில் இருந்தது. பால் நன்றாக இருந்தது, யாருக்கும் குடிக்க மனம் வரவில்லை.

எக்ஸ்ரேக்காரி வேலைக்குப் போவதை நிறுத்தினாள். குழந்தையின் போட்டோவைக் கிழவர் கண்ணெதிரே நாள் முழுக்கப் பிடித்தாள். "நல்ல குழந்த. யார் வீட்டுப் பிள்ள?" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டார். அவளுக்காக மரியாதையாக அந்தப் பெயரைச் சொல்லவும் செய்தார். சாவி சுற்றியது. வால்வு அசையவில்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம் அவள் போட்டோவைக் கீழே போட்டுவிட்டு, அவர் முழங்காலில் தலையை வைத்து, "என் குட்டியக் காணோம்பா" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். அது அவருக்குத் தெரிந்த விஷயம். "எப்பல இருந்து?"

"ஒன்பது நாளா."

"தேடி ஆள் அனுப்பினியா?"

"எங்கப்பா அனுப்புறது?"

"அனுப்பாத. ஆளப் பாத்தா கன்னு மிரண்டு இன்னும் தூரமா ஓடும்." அவர் பொறுமையாக, ஒவ்வொரு விரலாக மடக்கி விளக்கினார். காணாமல் போன கன்றுக்கு மனுஷக் குரல் விளங்காது. தாய்க்கு மட்டும் அது நிற்கும் இடம் தெரியும். "தாய அவுத்து விடு. கூடவே போகாத, பின்னாடியும் போகாத. அவுத்து விட்டுட்டு வீட்ல இரு. அது போய்க் கூட்டிட்டு வரும்."

அவள் போட்டோவைத் தரையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்போ அவுத்து விடுங்கப்பா. இன்னிக்கு என்னக் கூப்பிடாதீங்க."

மருந்துக்கடைக்காரன் வந்து கத்தினான். அவனுக்கு இருந்த பயம் நியாயமானது. கிழவருக்குக் காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரியாது. இன்று விட்டவளை நாளை கூப்பிட வேண்டும் என்று யார் அவருக்குச் சொல்வது, சொன்னாலும் உள்ளே ஆள் தெரிய வேண்டுமே. "அவரு உன்ன மறந்துட்டா நான் என்னடி பண்ணுவேன்? ரெண்டு பேரையும் விட்டுட்டு மாடு மேய்க்கணுமா?" அவள் தலையைச் சீவி இறுக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். "மறந்தா மறக்கட்டும். அவ அங்க தனியா நிக்கிறா" என்றாள். ஆறு மணிக்குக் கிழவர் கண்ணை மூடினார். இடவரிசை முடிந்தது. வலவரிசையில் நாலாவது முளைக்கு வந்ததும் குரல் நின்றது. அவருடைய இரண்டு கைகளும் மடியிலிருந்து எழுந்து, காற்றில் ஒரு முடிச்சை நிதானமாக அவிழ்த்தன. பிறகு ஐந்தாவது முளைக்குப் போனார்.

அடுத்த நாள் மாலை அவளைக் கூப்பிடுங்கள் என்று மகன்கள் இருவரும் இரண்டு காதிலும் சொன்னார்கள். "யாரு, வாயாடியா? இங்கதான இருந்தா, அடுப்படியில பாரு" என்றார். இரண்டாம் நாள் அவளைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றித் தீவன விலை கேட்டார். மூன்றாம் நாள் மருந்துக்கடைக்காரன் கடையைத் திறக்கவில்லை, அவள் சீப்பில் இருந்த முடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தான் தெருக்கோடியிலிருந்து எத்தனையாவது வீடு என்று வீட்டில் ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் நாள் மாலை அவர் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்துவிட்டார். கொட்டகைக்காரனுக்கு ஒரு விஷயம் உண்டு. எந்த மாட்டின் பெயர் மறந்தாலும், வெறும் முளை மட்டும் கண்ணை உறுத்தாமல் போகாது. நிறைந்த வரிசையில் அது விழுந்த பல்லின் இடம்போல, நாக்கு தானாக அங்கே போய்க்கொண்டே இருக்கும். "ஒரு முள காலியா இருக்கே" என்றார். எழுந்தார். நாலு மாதமாகக் கைத்தாங்கல் இல்லாமல் எழாதவர், மூத்தவன் கையைத் தட்டிவிட்டு வாசலுக்குப் போனார். ஆண்டவரே என்று தொடங்கவில்லை. இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, தொண்டையிலிருந்து இல்லாமல் அடிவயிற்றிலிருந்து, நீளமாக, தெருவிளக்குக் கம்பம் அதிர மகளின் பெயரைக் கூப்பிட்டார். எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் தன்னையறியாமல் இரண்டு படி இறங்கிவிட்டதாகப் பின்னால் சொன்னாள்.

காலை ஆறரை மணிக்கு எக்ஸ்ரேக்காரி தெருமுனையில் திரும்பி வந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் உடுப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கொள்ளுப்பேரப்பிள்ளைகள் இருவர். அவர்களுக்குப் பின்னால், ஒன்றன்பின் ஒன்றாக, தெருவின் அகலத்துக்கு ஏற்ப ஒழுங்காக, பதினாறு மாடுகள். அவற்றை அவர் கூப்பிடவில்லை. ஏன் வந்தன என்று இரண்டாமவன் கேட்டதற்கு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்து, "முன்மாடு வந்தா மத்தது வரும்டா" என்றார். அங்கே என்ன இருந்தது என்று அவளைக் கேட்டார்கள். குழந்தை அழவில்லை, மாடுகளுக்கு நடுவில் கதகதப்பாக நின்றிருந்தது என்று மட்டும் சொன்னாள். பிறகு, "அப்பாவோட குரல் அங்க எவ்வளவு சின்னதாக் கேக்குது தெரியுமா?" என்றாள். குழந்தையை இறக்கிவிடப் பதினைந்து நாள் ஆயிற்று.

மாடுகளைத் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில் கட்டப் போதகர் சம்மதித்தார். அதற்குப் பிறகு கிழவர் நாலு வருடம் இருந்தார். முளைகள் ஒவ்வொன்றாக மங்கின. ஒருநாள் மாலை வாயாடியின் பெயரை மட்டும் சொல்லி ஆமென் போட்டுவிட்டார். அன்று குடும்பம் கோட்டும் செருப்பும் போட்டுக்கொண்டே படுத்தது, போகும் இடத்தில் குளிருமோ என்று. காலையில் எல்லாரும் இருந்தார்கள். முன்மாட்டைக் கூப்பிட்டால் போதும் என்பது அப்படித்தான் உறுதியானது. கடைசி வருடத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான், அதைச் சொல்லும்போது அது யார் என்று அவருக்குத் தெரிந்தது. தொண்ணூறாவது வயதில் ஒரு புதன்கிழமை காலை, தேநீர் ஆறட்டும் என்று வைத்துவிட்டு இறந்துபோனார்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு அடக்கம் முடிந்தது. மண் போட்டுவிட்டு வந்தவர்கள் யாரும் அவரவர் வீட்டுக்குப் போகவில்லை. முதல்நாள் மாலை யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஆனாலும் காலையில் எல்லாரும் இருந்தார்கள். உடல் வீட்டில் இருந்ததால் இருக்கும் என்றார் போதகர், உறுதியாகச் சொல்லவில்லை. இன்று உடலும் இல்லை. ஐந்தே முக்காலுக்கு மூத்தவன் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் நின்று பட்டியலைச் சொல்ல ஆரம்பித்தான், மூன்றாவது பெயரில் குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டான். எக்ஸ்ரேக்காரியால் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ள முடியாது, குழாய்க்குள் இருக்கும் தண்ணீரால் வால்வைத் திறக்க முடியுமா? மருந்துக்கடைக்காரன் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். சுவர்க்கடிகாரத்தில் ஆறு அடிக்கத் தொடங்கியது. போதகர் எழுந்து நின்றார், எதையாவது சொல்ல வேண்டுமே என்று. அப்போது பின்வாசலிலிருந்து சத்தம் வந்தது. ஆறு வயதுப் பெண் செருப்பு வாரின் கொக்கியைப் போட முடியாமல், அங்கிருந்தபடியே மொத்த வீடும் கேட்கக் கத்தினாள். "அம்மா! அம்மாவ்! இங்க வாயேன்!"

"வரேன்" என்று எக்ஸ்ரேக்காரி எழுந்து போனாள்.

மறுநாள் காலை ஆளெண்ணிப் பார்த்தார்கள். யாரும் குறையவில்லை. கொள்ளுப்பேத்தி ஒருத்தியின் பாவாடையில் ஒரே ஒரு புல்விதை இருந்தது, அது காலியிடத்திலிருந்து ஒட்டியதாகவும் இருக்கலாம்.

அன்று அம்மாவைக் கூப்பிட்ட அந்தப் பெண்ணிடம் இதுவரை யாரும் எதையும் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. கதவைச் சாத்திக்கொள்ளும் வயது, அம்மா கேட்ட கேள்விக்குத் தோளைக் குலுக்கும் வயது. மூத்தவன் எந்த ஊரில் இருந்தாலும் ஐந்தரை மணிக்குப் போன் செய்கிறான். "சண்ட கிண்ட ஒண்ணும் இல்லையே?"

"காலைல இருந்து பேசலண்ணா. டூர் அனுப்பலன்னு கோவம்."

"அய்யய்யோ. அனுப்பிடேன்."

"நீங்க கம்முனு இருங்க, நான் பாத்துக்கிறேன்."

எக்ஸ்ரேக்காரி போனை வைத்துவிட்டு, மகள் குளிக்கும் நேரம் பார்த்து அவள் துண்டை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். நேற்று கணக்கு நோட்டு, முந்தாநாள் ஒற்றைக் காதணி. கடிகாரம் ஆறைத் தொடுகிறது. குளியலறைக் கதவு அரை அடி திறந்து, எரிச்சலான ஒரு குரல் அவளைக் கூப்பிடுகிறது. அவள் பதில் சொல்லாமல் இருக்கிறாள். இரண்டாம் முறை இன்னும் சத்தமாகக் கூப்பிட்ட பிறகுதான், துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறாள்.